இயோனாவின் முறை வந்தால் மட்டும்

இயோனா மைக் முன்னால் போய் நின்றான். வாயைத் திறந்தான். ஸ்பீக்கர் செத்துப்போனது.

"மறுபடியுமா!" என்று கூடமே கத்தியது.

எல்லோரும் இயோனாவைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். கோழி சும்மா கொக்கரித்தால்கூட எதையோ மறைக்கிறது என்று போய்த் தேடுவேன். "லுபே, பிறந்த அன்னிக்கே நர்ஸை ஒரு மாதிரி முறைச்சுப் பார்த்தவடி நீ" என்று அம்மா சொல்வாள்.

எங்கள் தீவுப் பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிறுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. வருடம் முழுக்கப் பெரியவர்கள் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. அந்த ஒரு ஞாயிறு மட்டும் எல்லாம் தலைகீழ். வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு தேவாலயத்தில் நாங்கள்தான் பாடுவோம், நாங்கள்தான் வசனம் சொல்வோம். வீட்டுக்கு வந்தால் அப்பா பரிமாறுவார், நாங்கள் ஜம்மென்று உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்காகத் தினமும் மாலையில் தேவாலயக் கூடத்தில் ஒத்திகை நடந்தது.

ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான். என் இடுப்புக்கு மேல் உயரம் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் தனியாகக் கிடையாது, பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ப்ளக்கைச் சொருகி மைக்கை மாட்டினால் போதும், கடற்கரை வரைக்கும் கேட்கும். கல்யாணம், சாவு, கிரிக்கெட் பந்தயம் என்று வருடம் முழுக்க உழைத்த பெட்டி அது. இந்த வாரம் மட்டும் ஏன் மக்கர் பண்ண வேண்டும்?

அதுவும் இயோனாவின் முறை வந்தால் மட்டும்!

பெரிய பிள்ளைகள் பாடும்போது ஜோராக வேலை செய்கிறது. நாடகத்துக்கும் வேலை செய்கிறது. எல்லாம் முடிந்து, கடைசி ஆளாக, எட்டு வயது இயோனா வந்து நின்றதும் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"டேய், காலால ஒயரை இழுத்தியா?" என்று மாலாகி மாமா கேட்டார்.

மாலாகி மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் ஊரில் ரேடியோ, ஃபேன், ஸ்பீக்கர் எது கெட்டுப்போனாலும் அவரிடம்தான் போகும். சரியாகித் திரும்பியும் வரும். கூடவே, அதை அவர் எப்படிச் சரிசெய்தார் என்ற கதையும் வந்து ஊரெல்லாம் சுற்றும். மாமாவின் வாய்க்கு ஸ்விட்சே கிடையாது.

"நான் இழுக்கல" என்றான் இயோனா. அவன் குரல் எப்போதுமே கொசு பறக்கிற மாதிரிதான் இருக்கும்.

"அப்ப போன வாரம் ப்ளக்கைப் பிடுங்கினது யாரு? உன் நிழலா?"

இயோனா தலையைக் குனிந்துகொண்டான். அது உண்மைதான். அவன் அம்மா நியூசிலாந்தில் ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்கிறார். இயோனா எங்கள் பக்கத்து வீட்டில், அவன் பெரியம்மாவோடு இருக்கிறான். போன வாரம் அம்மா கூப்பிடும் நேரத்தில் ஃபோனில் சார்ஜ் இல்லை. இவன் பாட்டுக்கு ஸ்பீக்கர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபோன் சார்ஜரைச் சொருகிவிட்டான். அப்போது பெரியவர்கள் பாடல் பாதியில் இருந்தார்கள். கெட்ட பேர் ஒரு தடவை ஒட்டினால் லேசில் போகுமா?

"பயந்தாங்கொள்ளி. மைக்கில பேச பயம். அதான் இந்த வேலை" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

போதகரம்மாவின் விசிறி நின்றது.

போதகரம்மா என்றால் எங்கள் போதகரின் மனைவி. ஞாயிறு பள்ளி முழுக்க அவர் பொறுப்பு. கையில் எப்போதும் ஓலை விசிறி இருக்கும். அது ஆடிக்கொண்டே இருந்தால் நல்லது. நின்றுவிட்டால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"மாலாகி, முதல்ல பெட்டியைப் பாருங்க. அப்புறம் பையனைப் பார்க்கலாம்" என்றார்.

மாமா பெட்டியிடம் போனார். ஆனால் பெட்டியைத் தொடுவதற்கு முன் அதன் உடுப்பைக் கழற்ற வேண்டும். எங்கள் ஊரில் எதையும் வெறுமனே விட மாட்டோம். டி.வி.க்கு உறை, நாற்காலிக்கு உறை, தையல் மெஷினுக்குக்கூட உறை. வெள்ளை ஞாயிறுக்காக இந்த ஸ்பீக்கருக்கும் போதகரம்மா தன் கையாலேயே ஓர் உறை தைத்திருந்தார். கெட்டியான வெள்ளைத் துணி. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் அதில் பூத்தையலாகப் போட்டிருந்தது. முன்பக்கம் சத்தம் வர வலை, அதன் கீழ் ஓரத்தை மறைத்தபடி ஒரு பிளாஸ்டிக் பூமாலை. பின்பக்கம் இழுத்துக் கட்டிய ரிப்பன் முடிச்சுகள்.

"மெதுவா, மெதுவா! கஞ்சி போட்டிருக்கேன், கசங்கிடும்!"

மாமா குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். உறையை மடித்து வைத்தார். ஒயரை மாற்றினார். ஸ்விட்சைப் போட்டார்.

ஸ்பீக்கர் பாடியது!

"ஒயர்தான். நான் அப்பவே நினைச்சேன்" என்றார் மாமா.

மறுநாள் இயோனாவின் முறை வந்தது. 'டக்.'

மாமா உறையைக் கழற்றி, ஃபியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. பெட்டியின் பின்பக்கத் தகட்டைத் திறந்தார். உள்ளே ஒரு மூலையில் இரண்டு பல்லி முட்டைகள்!

"ஆங்! பிடிச்சேன் பாருங்க குற்றவாளியை!" என்று முட்டைகளை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். அவற்றை வெளியே புதரில் விட்டுவிட்டு, மூடி, ஸ்விட்சைப் போட்டார். ஸ்பீக்கர் பாடியது. அன்று இரவு சாப்பாட்டில் பல்லிக் கதையை நாங்கள் மூன்று தடவை கேட்டோம்.

அதற்கு மறுநாள் இயோனாவின் முறை. 'டக்.'

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தன் பட்டறைக்கே கொண்டுபோனார். அடுத்த நாள் காலையிலிருந்து ஆட்டப் பாட்டாகப் போட்டு அலற விட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போனேன். எனக்கு மாமா மேலேயே சந்தேகம் வந்திருந்தது. புது ஸ்பீக்கர் வாங்க வைக்க ஏதாவது திட்டம் போடுகிறாரோ?

"என்னடி அப்படிப் பார்க்கறே? காலையிலேர்ந்து பாடுது. ஒரு தடவைகூட நிக்கல. இங்க பாரு, முன்னாடி விளக்கு. பச்சைன்னா சுகமா இருக்குன்னு அர்த்தம். சிவப்பு வந்தா, 'எனக்கு முடியல, விட்டுடு'ன்னு பெட்டி தானா நின்னுக்கும். நான் பார்க்கறப்ப எல்லாம் பச்சைதான்."

"பின்னாடி என்ன மாமா, சீப்புப் பல்லு மாதிரி?"

"தொட்டுப் பாரு."

தொட்டேன். இரும்புப் பற்கள் வெதுவெதுப்பாக இருந்தன.

"உள்ள இருக்கற சூடு அது வழியாத்தான் வெளிய போகும். பெட்டிக்கு மூக்கு மாதிரி வச்சுக்கோ" என்றார் மாமா. அப்புறம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "பெட்டியில குறையே இல்ல, லுபே. பெட்டியில குறை இல்லன்னா என்ன அர்த்தம்? ஆள்கிட்ட குறை."

எந்த ஆள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு முன்னால் இயோனாவைத் தேவாலயச் சுவர் ஓரம் மடக்கினேன்.

"உண்மையைச் சொல்லு. நீதானே?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"நான் எதுக்குக்கா நிறுத்தணும்? ஞாயித்துக்கிழமை அம்மா ஃபோன்ல இருப்பாங்க. நான் வசனம் சொல்றதைக் கேக்கறதுக்காக லீவு கேட்டிருக்காங்க. என் குரலு சின்னக் குரலு. ஸ்பீக்கர் இல்லன்னா அவங்களுக்குக் கேக்கவே கேக்காது."

அவன் கண்ணை நன்றாகப் பார்த்தேன். பொய் சொல்கிறவர்கள் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார்கள், இல்லாவிட்டால் மூக்கைச் சொறிவார்கள். அவன் இரண்டும் செய்யவில்லை. கையிலிருந்த ஃபோனை மட்டும் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சரி, இன்னிக்கு நான் காவல்" என்றேன்.

ஸ்பீக்கர் மறுபடியும் உறை மாட்டிக்கொண்டு பளிச்சென்று நின்றது. நான் அதற்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். ப்ளக் சொருகிய எக்ஸ்டென்ஷன் ஒயர்ப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். யார் வந்தாலும் முறைத்தேன். கூடத்து நாய் வந்து முகர்ந்தது, அதையும் முறைத்தேன். பாட்டு நடந்தது, நாடகம் நடந்தது. எனக்கு முதுகு வலித்ததால் ஸ்பீக்கர் மேல் சாய்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கூட்டம் அதிகம், அதான் புழுக்கம் என்று நினைத்தேன்.

இயோனா மைக்குக்கு வந்தான். ஒயர் பக்கமே வராமல் எட்டி நின்றான். வாயைத் திறந்தான்.

'டக்.'

"நான் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன்!" என்று துள்ளி எழுந்தேன். "ப்ளக் என் கையில இருக்கு! யாரும் தொடல!"

மாமா இயோனாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயும் அவனும் பக்கத்து வீடுதானே?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் மாமாவின் காலை மிதிக்கலாம் போலிருந்தது. ஊரையே சந்தேகப்படுகிற என்னையே சந்தேகப்படுகிறாரே!

போதகரம்மாவின் விசிறி நின்றது.

"போதும். ஞாயித்துக்கிழமை கலாட்டா ஆகக் கூடாது. இயோனா மைக்குக்கு வர வேண்டாம். கூட்டத்தோட நின்னு பாடட்டும்."

இயோனா அழவில்லை. ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுப் பின்புறத்தில் உமு போட்டார்கள். அடுப்புக் கற்களை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் சீமைப்பலாவும் சேப்பங்கிழங்கும் மீனும் வைத்து மூடி வேகவைப்போம், அதுதான் உமு. அப்பா வாழையிலைகளை அடுக்க, நான் மேலே சாக்கு போட்டேன்.

"அந்த ஓரம் திறந்திருக்கு பாரு" என்றார் அப்பா. "நல்லா மூடு. சூடு வெளிய போச்சுன்னா வேகாது."

நான் சாக்கை இழுத்து மூடினேன். கையை அதன்மேல் வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

அப்படியே நின்றுவிட்டேன்.

நேற்று என் முதுகு வேர்த்தது கூட்டத்தால் இல்லை! பெட்டியின் மூக்கை இழுத்து மூடி, ரிப்பன் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். பெரிய பிள்ளைகள் பாடப்பாட அது உள்ளேயே சூடாகிறது. கடைசியில் வருகிறவன் இயோனா. அவன் வரும்போதுதான் அதற்கு மூச்சு முட்டுகிறது. மாமா பார்க்க வந்தால் முதலில் என்ன செய்கிறார்? உறையை மெதுவாகக் கழற்றுகிறார். அதற்குள் ஆறிவிடுகிறது. பட்டறையில் உறையே கிடையாது!

"அப்பா, நாம ஸ்பீக்கரை உமு போட்டுட்டோம்!"

"என்னது?"

நான் பதில் சொல்லாமல் ஓடினேன்.

பாதி வழியில் கால் தானாக நின்றது. உறை யார் தைத்தது? போதகரம்மா. மாமாவிடம் சொன்னால் என்ன ஆகும்? சாயங்காலத்துக்குள் படகுத்துறை வரைக்கும் கதை போய்விடும். 'போதகரம்மா ஸ்பீக்கரை வேகவச்ச கதை' என்று பேரும் வைத்துவிடுவார். அந்தத் துணியில் ஒவ்வொரு பெயராக அவர் தைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஊசி குத்தி விரலை வாயில் வைத்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டால்? இயோனா கடைசி பெஞ்சில் இருப்பான்.

நான் மாமாவின் பட்டறையைத் தாண்டி நேரே தேவாலயக் கூடத்துக்குப் போனேன். போதகரம்மா தனியாகப் பூ அடுக்கிக்கொண்டிருந்தார். விசிறி இடுப்பில் செருகியிருந்தது.

"என்ன லுபே, ஒத்திகைக்கு இன்னும் நேரம் இருக்கே? என்ன வேணும்? எதையோ மறைக்கற மாதிரி இருக்கே."

அவருக்கும் சந்தேக புத்திதான்!

"போதகரம்மா, ஒரு உதவி. நான் ஸ்பீக்கர்ல பாட்டு போடறேன். ப்ளக்கை நீங்களே பிடிச்சுக்கறீங்களா?"

"நானா? எதுக்கு?"

"என்னையும் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. இயோனாவையும் நம்ப மாட்டேங்கறாங்க. உங்களை எல்லாரும் நம்புவாங்க இல்லையா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ப்ளக்கைப் பிடித்துக்கொண்டார். மாமா பெட்டியிலேயே சொருகி விட்டிருந்த பென்டிரைவிலிருந்து அவர் பாட்டைப் போட்டேன். கூடத்தில் ஆட்டப் பாட்டு அதிர்ந்தது. போதகரம்மா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் மூன்றாவது பாட்டில் அவர் கால் கட்டைவிரல் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

நேரம் போனது. பாட்டு நிற்கவில்லை. நான் நினைத்தது தப்போ? போதகரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லுபே, எனக்கு வேலை கிடக்கு" என்று எழப் போனார்.

'டக்.'

கூடம் அமைதியானது. போதகரம்மா தன் கையைப் பார்த்தார். ப்ளக் அப்படியே சொருகியிருந்தது.

"அவுவே, ஐயய்யோ! நான் ஒண்ணும் பண்ணலையே!" என்றார்.

"இயோனாவும் அதைத்தான் சொன்னான்" என்றேன்.

நான் முன்னால் போய்ப் பூமாலையை விலக்கினேன். பூவுக்குப் பின்னால், வலை வழியாகச் சிவப்பு விளக்கு தெரிந்தது. அதை இத்தனை நாள் பூ மறைத்திருந்தது.

"இப்ப உறைக்குள்ள கையை விடுங்க. மெதுவா, சுடும்."

அவர் ரிப்பன்களுக்கு நடுவே விரலை நுழைத்தார். சட்டென்று இழுத்துக்கொண்டார். துணியில் இருந்த பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது.

"உறை ரொம்ப அழகா இருக்கு" என்று அவசரமாகச் சொன்னேன். "ஆனா பெட்டிக்கு மூக்கு பின்னாடி இருக்கு. அதை மூடிட்டோம்னு மாமாவுக்கே தோணல. நான் யார்கிட்டயும் சொல்லல. வேணும்னா வெயில் அதிகம், அதான் நின்னுச்சுன்னு சொல்லிடலாம். அப்புறம்... இயோனா கடைசியா வந்து சேர்ந்தான்ல, அவன் பேரு பின்பக்கம்தான் இருக்கு. சுவரு மட்டும்தான் அதைப் படிக்குது. உறையைப் பிரிச்சு முன்னாடி கம்பியில விரிச்சுத் தொங்கவிட்டா எல்லார் பேரும் தெரியும்."

போதகரம்மா எழுந்து நின்றார். முடிச்சுகளை அவரே அவிழ்த்தார். கஞ்சி போட்ட துணி கசங்குமே என்று கவலைப்படவில்லை.

மாலையில் எல்லோரும் வந்தபோது ஸ்பீக்கர் வெறும் கறுப்புப் பெட்டியாக நின்றது. உறை மேடைக்கு முன்னால் கம்பியில் விரிந்து தொங்கியது.

"வெயில் இல்ல, ஒயர் இல்ல, பல்லி இல்ல" என்றார் போதகரம்மா சத்தமாக. "நான் தைச்ச உறைதான் பெட்டியை மூச்சு முட்ட வச்சிருக்கு. தப்பு என்னுது. இயோனா, எழுந்து இங்க வா. உன்மேல பழி போட்டுட்டேன், மனசுல வச்சுக்காதப்பா."

மாமா வாயைத் திறந்தார். "நான் அப்பவே நினை..."

நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மாமா பாதியில் நிறுத்தினார்.

ஞாயிறு அன்று தேவாலயம் நிரம்பி வழிந்தது. பாட்டெல்லாம் முடிந்து, நாடகம் முடிந்து, கடைசியாக இயோனா வந்தான். மாலாகி மாமா அவன் ஃபோனை ஸ்பீக்கருக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அது அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. இயோனா முதலில் பீடத்தின் முன்னால் கம்பியில் தொங்கிய துணியில் தன் பெயரைத் தேடினான். அப்புறம் வாயைத் திறந்தான்.

நான் 'டக்' சத்தத்துக்குக் காதைத் தீட்டினேன்.

கொசுக் குரல் கூரை வரைக்கும் போனது. ஒரு சொல்கூட விடாமல் சொல்லி முடித்தான். 'டக்' வரவில்லை. அதற்குப் பதில் மாமாவின் கையிலிருந்த ஃபோன் கத்தியது.

"கேட்டுச்சுடா என் தங்கமே! இன்னொரு தடவை சொல்லுடா!"

மொத்தத் தேவாலயமும் சிரித்தது. இயோனா இன்னொரு தடவை சொன்னான், இந்த முறை இன்னும் சத்தமாக.

நான் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தேன். சந்தேகம்தான், வேறென்ன? அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுப் போதகரம்மா உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கையில் அதே ஓலை விசிறி ஆடிக்கொண்டிருந்தது. அன்று ஆராதனை முடியும்வரை அவர் ஸ்பீக்கருக்குத்தான் விசிறினார், தனக்கு ஒரு தடவைகூட விசிறிக்கொள்ளவில்லை.